கேட்டுட்டு எடுக்கணும், எடுத்துட்டு கேக்கக்கூடாது: எபிக் லாஞ்சரும் ஒரு ஸ்டீம் ஃபைலும்

கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கடையோட புரோகிராமை இன்ஸ்டால் பண்ணிருக்க கம்ப்யூட்டர்ல யூசர்டேட்டான்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள நம்ம அக்கவுண்ட் நம்பர் பேர்ல இன்னொரு ஃபோல்டர், அதுக்குள்ள கான்ஃபிக், அதுக்குள்ள லோக்கல்கான்ஃபிக்னு ஒரு விடிஎஃப் ஃபைல். நோட்பேட்லயே திறக்கும், பாஸ்வேர்டு கேக்காது. நான் முதல் தடவை திறந்தப்ப ராத்திரி பதினோரு மணி இருக்கும், என்னதான் இருக்குன்னு பாத்துட்டு படுத்துடலாம்னு நினைச்சேன், ஒரு மணி நேரம் அதுலயே உக்காந்துட்டேன். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு நம்பர், அதுக்கு கீழ மொத்தம் எத்தனை நிமிஷம் ஆடிருக்கேன், கடைசியா எப்ப ஆடினேன். அந்த "எப்ப"ங்கிறது பத்து இலக்கத்துல ஒரு எண்ணா இருக்கும், 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனை செகண்டுன்னு கணக்கு, மாத்திப் பாத்தா தேதி, மணி, நிமிஷம் வரைக்கும் வந்துடும். அதுல ஒரு கேமோட எண்ணை மாத்திப் பாத்தேன், அதிகாலை மூணு மணி சொச்சம், தேதிய பாத்ததும் புரிஞ்சுடுச்சு, அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்திருந்த வாரம் அது, வீட்டுக்கு வந்து தூக்கம் வராம கொஞ்ச நேரம் ஆடிட்டு மூடினேன், அதுக்கப்புறம் அந்த கேமை நான் தொடவே இல்ல.

கொஞ்சம் கீழ போனா ஃப்ரெண்ட்ஸ். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், இப்ப என்ன பேர் வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி என்னென்ன பேர் வச்சிருந்தாங்கன்னு சேத்து. காலேஜ்ல கூட படிச்சவன் ஒருத்தன், இப்ப பேச்சு வார்த்தை கூட கிடையாது, அவன் அப்ப ஒரு பொண்ணு பேரோட தன் பேரை சேத்து வச்சிருந்த அந்த பழைய பேர் என் கம்ப்யூட்டர்ல இன்னும் உக்காந்திருக்கு.

2019 மார்ச்ல நடந்த கூத்து மொத்தமும் இந்த ஒரு ஃபைலைச் சுத்தித்தான். ஃபோர்ட்நைட் கேமை செஞ்ச எபிக் கேம்ஸ், ஸ்டீமுக்கு போட்டியா நடத்துற ஸ்டோரோட லாஞ்சர் (கேமை வாங்க, இறக்க, ஓட்ட வச்சிருக்க புரோகிராம்) இன்ஸ்டால் பண்ணிருந்தவங்க கம்ப்யூட்டர்ல, பக்கத்துல ஸ்டீமும் இருந்துச்சுன்னா, அந்த லாஞ்சர் போய் இந்த ஃபைலை படிச்சு அதுக்கு ஒரு காப்பி எடுத்து என்க்ரிப்ட் பண்ணி, அதாவது மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி, தன்னோட ஃபோல்டர்ல வச்சுக்கிட்டது. "உங்க ஸ்டீம் ஃப்ரெண்ட்ஸ இங்க சேத்துக்கவா?"ன்னு ஒரு ஆப்ஷன் அந்த லாஞ்சர்ல இருந்துச்சு. அதுக்காகத்தான் அந்த காப்பி. பிரச்சனை என்னன்னா அந்த ஆப்ஷனை அழுத்தாதவங்க கம்ப்யூட்டர்லயும் காப்பி எடுத்தாச்சு. இதை ஆறு வருஷத்துக்கு மேல கழிச்சு இப்ப ஏன் விரிவா எழுதுறேன்னா, அன்னைக்கு நடந்த சண்டையில பாதி பேர் தப்பான விஷயத்துக்கு சண்டை போட்டாங்க, கம்பெனி சொன்ன பதிலும் பாதி தப்பான கேள்விக்குத்தான் பதிலா இருந்துச்சு, உண்மையான கேள்வி நடுவுல நசுங்கிப் போச்சு.

எப்படி வெளிய வந்துச்சு

எபிக் ஸ்டோர் திறந்தது 2018 டிசம்பர் 6. ஸ்டீம் பொதுவா விக்கிற ஒவ்வொரு கேம்லயும் 30 சதவீதம் எடுத்துக்கும், எபிக் 12 சதவீதம் மட்டும் எடுத்துக்கிட்டு 88ஐ கேம் செஞ்சவங்களுக்கே குடுக்கும்னு அறிவிச்சாங்க. இது நல்ல விஷயம், நான் இன்னைக்கும் அப்படித்தான் சொல்வேன், சின்ன ஸ்டுடியோவுக்கு அந்த 18 சதவீதம்ங்கிறது இன்னும் ரெண்டு ஆளுக்கு சம்பளம். ஆனா கூட்டம் சேக்க இன்னொரு வழியும் பிடிச்சாங்க, காசு குடுத்து எக்ஸ்க்ளூசிவ் வாங்குறது, அதாவது ஒரு கேமை தங்க கடையில மட்டும் விக்க வைக்கிறது. மெட்ரோ எக்ஸோடஸ் 2019 பிப்ரவரி 15 ரிலீஸ், அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி வரைக்கும் ஸ்டீம்ல முன்பதிவு நடந்துட்டு இருந்துச்சு, திடீர்னு இனிமே எபிக்ல மட்டும்தான்னு மாத்துனாங்க.

அடுத்தது ஃபீனிக்ஸ் பாயிண்ட். இங்கதான் நெருப்பு பத்திக்கிச்சு. பழைய எக்ஸ்காம் கேமை உருவாக்குன ஜூலியன் கோலப்போட ஸ்டுடியோ ஸ்னாப்ஷாட் கேம்ஸ், 2017ல ஃபிக்ங்கிற தளத்துல மக்கள் கிட்ட காசு திரட்டுனாங்க, பத்தாயிரம் பேருக்கு மேல சேந்து 7 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு மேல போட்டாங்க. கேம் வந்ததும் ஸ்டீம்லயோ ஜிஓஜிங்கிற இன்னொரு ஆன்லைன் கடையிலயோ கேமை திறக்குற கீ தருவோம்னு சொல்லித்தான் காசு வாங்குனது. 2019 மார்ச் 12ம் தேதி, ஒரு வருஷத்துக்கு எபிக்ல மட்டும்தான்னு அறிவிப்பு. ரீஃபண்ட் வேணுங்கிறவங்களுக்கு தரோம்னும் சொன்னாங்க, அதையும் சொல்லணும்ல. ஆனா காசு போட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க, கேமே இல்லாத காலத்துல நம்பி குடுத்தவங்க அவங்க, ரெண்டு வருஷம் காத்திருந்தவங்க.

அந்த கேமோட ரசிகர்கள் கூடுற ரெடிட் பக்கத்துலதான் ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒருத்தர், இந்த லாஞ்சர் என் கம்ப்யூட்டர்ல என்னல்லாம் செய்யுதுன்னு கவனிச்சு ஒரு நீளமான பதிவு போட்டாரு. ஒரு புரோகிராம் எந்தெந்த ஃபைலை எந்த செகண்டுல தொடுதுன்னு வரிவரியா காட்டுற டூல் எல்லாம் இலவசமா கிடைக்குது, மைக்ரோசாஃப்டே ஒண்ணு குடுக்குது, கத்துக்க ஒரு சாயங்காலம் போதும். பதிவு வந்த வேகத்துல பரவிடுச்சு, "ஸ்பைவேர்", அதாவது உளவு பாக்குற புரோகிராம், அப்படிங்கிற வார்த்தையோட.

எது சரி, எது சரியில்ல

பதிவுல இருந்த எல்லாமே சமமான குத்தம் இல்ல. லாஞ்சர் நம்ம கம்ப்யூட்டர்ல ஓடிட்டு இருக்க மத்த புரோகிராம் லிஸ்ட்டை பாக்குதுன்னு ஒரு குத்தச்சாட்டு. அதுக்கு எபிக்ல இஞ்சினியரிங் துணைத்தலைவரா இருந்த டேனியல் வோகல் சொன்ன விளக்கம், ஓடிட்டு இருக்க கேமை நடுவுல அப்டேட் பண்ணிடக்கூடாதுன்னு பாக்குறோம்னு. நியாயம்தான், எந்த லாஞ்சரா இருந்தாலும் இதை செய்யும். சிஸ்டத்துல இருக்க பாதுகாப்பு சான்றிதழ்களை படிக்குதுன்னு இன்னொன்னு. லாஞ்சரோட திரை, குரோம் பிரவுசருக்கு அடிப்படையா இருக்க குரோமியம் வச்சு செஞ்சது, பிரவுசர் மாதிரியே, பிரவுசர் செய்யறதைத்தான் அதுவும் செய்யும். டிராக்கிங்னு பேர் வச்ச ஒரு ஸ்கிரிப்ட் இருந்துச்சு, அது யாரோட லிங்க் மூலமா வந்து வாங்குறோமோ அந்த கிரியேட்டருக்கு பங்கு போறதுக்கானதுன்னாங்க. ஹார்டுவேர் விவரம் அனுப்புறது பிரைவசி பாலிசியில ஏற்கனவே எழுதிருக்குன்னாங்க. அப்புறம் சீன கம்பெனி டென்சென்ட் அப்ப எபிக்ல சுமார் 40 சதவீத பங்கு வச்சிருந்துச்சு, அதனால டேட்டா எல்லாம் சீனாவுக்கு போகுதுன்னு ஒரு பேச்சு, இதுக்கு ஆதாரம்னு யாரும் எதுவும் காட்டல, கம்பெனி தலைவர் டிம் ஸ்வீனி கட்டுப்பாடு என் கையிலதான் இருக்கு, டென்சென்டோட டேட்டா பகிர்றது இல்லன்னு சொன்னாரு. எனக்கு இந்த சீனா பேச்சுல வருத்தம்தான், ஏன்னா எல்லாரும் அந்த பக்கம் திரும்பினதுல கையும் களவுமா மாட்டுன ஒரு விஷயம் பின்னாடி போயிடுச்சு.

கையும் களவுமா மாட்டுனது அந்த ஃபைல்தான். அதை எபிக் மறுக்கல. வோகல் சொன்னது இதுதான்: ஸ்டீம் ஃப்ரெண்ட்ஸை நீங்க வெளிப்படையா சம்மதிச்சா மட்டும்தான் இம்போர்ட் பண்றோம், லாஞ்சர் அந்த ஃபைலுக்கு உங்க கம்ப்யூட்டர்லயே என்க்ரிப்ட் பண்ணின ஒரு காப்பி எடுத்து வைக்குது, ஆனா நீங்க இம்போர்ட்டை தேர்ந்தெடுத்தா மட்டும்தான் அதுல இருந்து தகவல் எங்களுக்கு வரும், அப்பவும் ஃப்ரெண்ட்ஸோட ஐடிய ஹாஷ் பண்ணித்தான் (வேற எழுத்துக்குவியலா மாத்தித்தான்) அனுப்புறோம், வேற எதுவும் இல்ல.

ஸ்வீனி இன்னும் ஒரு படி மேல போனாரு. இம்போர்ட் பண்ண நீங்க சம்மதிச்ச பிறகுதான் அந்த ஃபைலை தொடணும், நீங்க சொல்றது சரி, ஃபோர்ட்நைட் ஆரம்ப காலத்துல ஃப்ரெண்ட்ஸ் வசதிய அவசர அவசரமா கொண்டு வந்தப்ப அப்படி செஞ்சது அப்படியே தங்கிடுச்சு, சீக்கிரம் முடிங்கன்னு டீமை நெருக்கினது நான்தான், தப்பு என்னோடது, சரி பண்றோம்னு ஒத்துக்கிட்டாரு. ஒரு கம்பெனி தலைவர் இப்படி நேரா ஒத்துக்கிறது அபூர்வம், அதுக்கு மரியாதை குடுக்கணும்.

ஸ்டீம் நடத்துற வால்வ் தரப்புல, எபிக் லாஞ்சர் என்ன எடுக்குதுன்னு நாங்க பாத்துட்டு இருக்கோம், இந்த ஃபைல்கள்ல இருக்கறது பயனாளரோட சொந்த தகவல், மத்த புரோகிராம் எடுக்கவோ வெளிய அனுப்பவோ வச்சது இல்லன்னு சொன்னாங்க. அதே வாய்ல, விருப்பம் இருக்கவங்க ஃபைலை திறந்து பாக்கலாம்னும் சொன்னாங்க, அதைப் படிச்சுட்டுதான் நானும் திறந்தேன்.

"வெளிய அனுப்பல"ங்கிற பதில்

இந்த விவகாரத்துல நான் மல்லுக்கட்ட நினைக்கிறது இந்த ஒரு பதிலோடதான். ஏன்னா 2019ல நிறைய பேர் இதைக் கேட்டு சமாதானம் ஆகிட்டாங்க, அதுக்கப்புறமும் இதே பதில் வேற வேற கம்பெனி வாயில இருந்து வந்துட்டே இருக்கு.

வாடகை வீட்டுக்காரர் ஒருத்தர் நீங்க வேலைக்கு போன நேரத்துல உள்ள வந்து பீரோவைத் திறந்து உங்க டைரிய ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவர்ல போட்டு ஒட்டி அதே வீட்டுலயே பரண் மேல வச்சுட்டு போறாருன்னு வச்சுக்குவோம். நீங்க கேட்டா, நான் வெளிய எடுத்துட்டு போகலயே, கவரைப் பிரிக்கக்கூட இல்லயே, என்னைக்காவது நீங்க குடுங்கன்னு சொன்னா ரெடியா இருக்கட்டும்னு எடுத்து வச்சேங்கிறாரு. அவரு பொய் சொல்லலன்னே வச்சுக்கங்க. உங்களுக்கு ஆறுமா? எனக்கு ஆறாது. நான் சம்மதிக்கிறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சு போச்சுன்னா, பின்னாடி வர்ற "சம்மதமா?" அப்படிங்கிற பட்டன் எதுக்கு? நான் "வேண்டாம்"னு அழுத்தினாலும் காப்பி அங்கதான் இருக்கும். அனுப்புறதும் அனுப்பாததும் இனிமே அவங்க புரோகிராமோட நல்ல மனசுல இருக்கு, அடுத்த அப்டேட்ல அந்த மனசு மாறினா எனக்கு தெரியப்போறது இல்ல.

இதை நான் மட்டும் சொல்லல. ஐரோப்பாவுல 2002ல வந்து 2009ல திருத்துன இ-பிரைவசி விதின்னு ஒண்ணு இருக்கு, இன்னைக்கு எல்லா வெப்சைட்லயும் குக்கி சம்மதம் கேக்குதே, அதுக்கு வேர் அதோட 5வது பிரிவு 3வது உட்பிரிவு. அதுல சொல்றது, பயனாளரோட கருவியில தகவலை சேமிக்கறதுக்கும் சரி, அங்க ஏற்கனவே சேமிச்சிருக்கறதை எட்டிப் பாக்குறதுக்கும் சரி, முதல்ல சம்மதம் வேணும், அவரே கேட்ட சேவைக்கு கட்டாயம் தேவைப்பட்டா ஒழிய. வெளிய அனுப்புனியா இல்லயாங்கிறது அங்க கேள்வியே இல்ல. தொட்டியா, கேட்டுட்டு தொட்டியா, அவ்வளவுதான். பாமர ஜனங்களுக்கு புரியற நியாயம் அந்த சட்டத்துக்கும் புரிஞ்சிருக்கு.

அடுத்து ஹாஷ் விஷயம், இதுல டெக்னிக்கலா கொஞ்சம் நிக்கணும். ஹாஷ்ங்கிறது ஒரு தகவலை அரைச்சு வேற ஒரு எழுத்துக்குவியலா மாத்துறது, மாவைப் பாத்து அரிசிய திரும்ப கொண்டு வர முடியாதுங்கிற மாதிரி. பாஸ்வேர்டுக்கு இது நல்லா வேலை செய்யும். ஆனா ஸ்டீம் அக்கவுண்ட் நம்பர் 32 பிட், அதிகபட்சமா சுமார் 429 கோடி நம்பர்தான் இருக்க முடியும். கேக்க பெருசா இருக்கு, ஆனா கேம் ஆடறவங்க வச்சிருக்க ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டு வேகமான ஹாஷா இருந்தா செகண்டுக்கு நூறு கோடிக்கு மேல போட்டுத் தள்ளும். 1ல இருந்து 429 கோடி வரைக்கும் எல்லா நம்பரையும் அரைச்சு ஒரு அட்டவணை போட்டு வச்சுட்டா, எந்த மாவு எந்த அரிசின்னு பாத்த உடனே சொல்லிடலாம். ஆளுக்கு ஆள் வேற வேற ரகசியத்தை கலந்து அரைச்சா தப்பிக்கலாம், ஆனா இங்க அதுக்கும் வழி இல்ல, ஏன்னா என் லிஸ்ட்ல இருக்க ஃப்ரெண்டும் எபிக்ல இருக்க அந்த ஆளும் ஒண்ணுதான்னு கண்டுபிடிக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அரைச்சிருக்கணும். வேலையே பொருத்திப் பாக்குறதுதான். அதனால ஹாஷ் பண்ணிட்டோம்னு சொல்றது இந்த இடத்துல ஒரு மெல்லிய திரை, பூட்டு இல்ல.

ஏன் ஸ்டீம் குடுக்குற முறையான வழியில போகலன்னு கேட்டதுக்கு, மத்த கம்பெனி எழுதி வச்ச கோடு தொகுப்பை (லைப்ரரிய) எங்க புரோகிராம்ல சேக்கறத பாதுகாப்பு, பிரைவசி காரணத்துக்காக குறைச்சுக்கிறோம்னு ஸ்வீனி சொன்னாரு. அந்த காரணத்தை நான் ஒதுக்கல. ஆனா முறையான வழியில போனா என்ன ஆகும்னு பாருங்க: ஸ்டீம் பக்கத்துக்குப் போய் நாமளே லாகின் பண்ணி சரின்னு சொல்லணும், ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டை பிரைவேட்னு வச்சிருந்தா வராது. 2018 ஏப்ரல்லதான் வால்வ் தன்னோட பிரைவசி செட்டிங்கை மாத்தி, யார்கிட்ட என்ன கேம் இருக்குங்கிறத டீஃபால்ட்டா மறைச்சாங்க. இந்த விவகாரம் வெளிய வந்தப்ப அதுக்கு ஒரு வருஷம் கூட ஆகல. ஃபைலை நேரா படிக்கிறது இந்த கதவு எல்லாத்தையும் விட்டுட்டு பின்பக்கமா வர்ற மாதிரி.

இன்னொரு ஆளை எல்லாரும் மறந்துடுறோம். அந்த காலேஜ் ஃப்ரெண்ட். எபிக் லாஞ்சரை நான் இன்ஸ்டால் பண்ணினேன், நான் அக்ரிமெண்ட்ல சரின்னு அழுத்தினேன், அவன் எதையும் அழுத்தல. ஸ்டீம்ல என் ரெக்வெஸ்ட்டை என்னைக்கோ ஏத்துக்கிட்டான், அவ்வளவுதான் அவன் செஞ்சது. நான் இம்போர்ட் பட்டனை அழுத்தினா அவனோட நம்பரும்தான் போகும். அவன்கிட்ட கேக்க எந்த திரையும் கிடையாது. அவனுக்கு மெசேஜ் போட்டு இந்த பழைய பேர் விஷயத்தை சொன்னேன், ரொம்ப நேரம் பதில் இல்ல, அப்புறம் "அத அழிக்க முடியுமாடா"ன்னு மட்டும் கேட்டான்.

மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்குன்னு நம்ம ஆளுங்க இந்த மாதிரி பேச்சு வந்தாலே சொல்வாங்க. அவன் மடியில என்ன கனம் இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. இருபது வயசுல ஒரு பேர் வச்சுக்கிட்டான்.

பிடிக்கலன்னா போடாதன்னு சொல்றவங்களுக்கு

லாஞ்சர் யாரும் கட்டாயப்படுத்தல, பிடிக்கலன்னா இன்ஸ்டால் பண்ணாதங்கிற வாதம் 2019லயும் கேட்டுச்சு, இப்பவும் கேக்குது. கேம் ரெண்டு இடத்துல கிடைச்சா அது சரி. ஒரே இடத்துலதான் கிடைக்கும்னு ஆக்கிட்டு, அதுவும் வேற இடத்துல தருவோம்னு காசு வாங்கிட்டு அப்புறம் மாத்திட்டு, விருப்பம் உன்னோடதுன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியல. ஃபீனிக்ஸ் பாயிண்ட்டுக்கு காசு போட்டவங்க முன்னாடி இருந்தது, லாஞ்சரை போடு, இல்லனா ரெண்டு வருஷமா காத்திருந்ததை விட்டுட்டு காசை திருப்பி வாங்கு, இல்லனா இன்னும் ஒரு வருஷம் காத்திரு. அந்த நிலைமையில அழுத்துற "ஐ அக்ரீ"க்கு எவ்வளவு எடை இருக்கு? நம்ம நாட்டுல 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டமும் சம்மதம்னா சுதந்திரமா, நிபந்தனை இல்லாம, தெளிவா, தெரிஞ்சு குடுத்ததா இருக்கணும்னுதான் சொல்லுது. எழுத்துல நல்லாதான் இருக்கு.

நியாயமா சொல்லணும்னா இந்த கதைய தொடங்கி வச்சது எபிக் இல்ல, ஸ்டீமேதான். 2004 நவம்பர்ல ஹாஃப் லைஃப் 2 வந்தப்ப, கடையில டப்பாவா வாங்கினவங்களும் ஸ்டீம் போட்டு அக்கவுண்ட் திறந்தாதான் ஆட முடியும். அன்னைக்கு அதுக்கு வந்த எதிர்ப்பு கொஞ்ச நஞ்சம் இல்ல, இன்னைக்கு எல்லாரும் அதை வீடு மாதிரி நினைக்கிறோம். 2011ல ஈஏங்கிற கேம் கம்பெனி, பேட்டில்ஃபீல்டு 3 கேம் கூட தன்னோட ஆரிஜின் லாஞ்சரை கட்டாயமாக்குனாங்க, அதோட ஒப்பந்தத்துல நம்ம கம்ப்யூட்டர்ல இருக்க விவரங்களை எடுக்க தாராளமா இடம் விட்டிருந்தாங்க, ஜெர்மனியில பெரிய எதிர்ப்பு வந்து வாசகத்தை மாத்த வேண்டியதாச்சு. பழக்கம்ங்கிறது எல்லாத்தையும் மறக்கடிக்குது, அதனாலதான் புதுசா ஒண்ணு வர்றப்பவே கேள்வி கேக்கணும்னு நினைக்கிறேன்.

2K கம்பெனி பயோஷாக் மாதிரி பழைய கேம்களுக்கு கூட 2022ல தனியா ஒரு லாஞ்சரை ஒட்ட வச்சாங்க, ஸ்டீம்ல வாங்கி வருஷக்கணக்கா ஆடிட்டு இருந்தவங்களுக்கு நடுவுல ஒரு புது திரை. 2024 நவம்பர்ல அவங்களே எடுத்துட்டாங்க. லாஞ்சர் இல்லாமயும் கேம் ஓடுது.

ஆப்ஷன்னு நினைச்சது கட்டாயமான கதைக்கு சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2ங்கிற கேம் போதும். 2024 பிப்ரவரி 8 ரிலீஸ், ஸ்டீம்ல வாங்கினவங்க சோனியோட பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) அக்கவுண்டை இணைக்கிற திரையை தாண்டிப் போய் ஆடிட்டு இருந்தாங்க. மூணு மாசம் கழிச்சு மே 3ம் தேதி இனிமே இணைச்சாகணும்னு சோனி சொன்னதும் சில நாள்ல ரெண்டு லட்சத்துக்கு மேல எதிர்மறை விமர்சனம் குவிஞ்சுச்சு. பிஎஸ்என் சேவையே இல்லாத நாடுகள் இருக்கே, அங்க கேம் விக்கிறதையே நிறுத்துனாங்க, 170க்கு மேல நாடுகளும் பகுதிகளும், அதுல இலங்கையும் ஒண்ணு. யாழ்ப்பாணத்துலயோ கொழும்புலயோ காசு குடுத்து வாங்குன ஒருத்தர் வேற நாட்டு விலாசம் போட்டு பொய் அக்கவுண்ட் திறந்தாதான் தன் கேமை ஆட முடியும்ங்கிற நிலைமை வந்திருக்கும். மூணே நாள்ல சோனி அந்த கட்டாயத்தை வாபஸ் வாங்குனாங்க. 2011 ஏப்ரல்ல இதே பிஎஸ்என்ல ஊடுருவி 7 கோடியே 70 லட்சம் அக்கவுண்ட் விவரம் போச்சு, மூணு வாரத்துக்கு மேல சேவையே நின்னுச்சு, பிரிட்டன்ல 2013ல ரெண்டரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டாங்க. அதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்க ஒருத்தர், எனக்கு இன்னொரு அக்கவுண்ட் வேண்டாம்னு சொன்னா அதை அடம்னு சொல்ல முடியாது.

எனக்கு எபிக் விவகாரத்தோட ரொம்ப நெருக்கமா தெரியறது 2025ல நடந்தது. வியன்னாவுல இருக்க நொய்ப்ங்கிற பிரைவசி அமைப்பு, மேக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்குனது, ஏப்ரல்ல யூபிசாஃப்ட்ங்கிற கேம் கம்பெனி மேல ஆஸ்திரிய தரவு பாதுகாப்பு ஆணையத்துக்கு புகார் குடுத்தாங்க. ஃபார் க்ரை பிரைமல்னு 2016ல வந்த அவங்க கேம், கற்காலத்துல நடக்குற கதை, தனியா ஆடறது, ஆன்லைன்ல யாரோடயும் சேந்து ஆட அதுல ஒண்ணுமே இல்ல. ஸ்டீம்ல வாங்கின ஒருத்தர், இதுக்கு ஏன் இன்டர்நெட் கேக்குதுன்னு தோண்டிப் பாத்தாரு. பத்து நிமிஷம் ஆடினதுல வெளி சர்வர்களோட 150 தடவை தொடர்பு, கூகுள், அமேசான், அமெரிக்காவுல இருக்க டேட்டாடாக்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி வரைக்கும். கேட்டதுக்கு, நீங்க வாங்கினதுதானான்னு சரிபாக்குறோம்னு யூபிசாஃப்ட் பதில். ஸ்டீம்ல வாங்கினது ஸ்டீமுக்கு தெரியுமேங்கிறது நொய்ப் எதிர் கேள்வி. ஆஃப்லைன்ல ஆட ஒரு வழி ஒளிஞ்சு இருக்குதுங்கிறதும் தெரிய வந்துச்சு, அப்ப இன்டர்நெட் தேவையே இல்லங்கிறது அவங்களே சொல்லாம சொன்ன மாதிரிதானேங்கிறது புகாரோட வாதம். நிரூபணம் ஆனா வருமானத்துல 4 சதவீதம், 9 கோடி யூரோவுக்கு மேல அபராதம் வரலாம்னு நொய்ப் கணக்கு சொன்னாங்க. எபிக் விஷயத்துல "அனுப்பல"ன்னாங்க, இங்க "தேவைக்குத்தான் அனுப்புறோம்"னாங்க, ரெண்டு இடத்துலயும் ஆடறவரை முதல்ல ஒரு வார்த்தை கேக்கல.

எபிக் மேலயே பெரிய நடவடிக்கை 2022 டிசம்பர்ல வந்துச்சு, ஆனா லாஞ்சருக்காக இல்ல, ஃபோர்ட்நைட்டுக்காக. அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பை பாத்துக்கிற அரசு அமைப்பான எஃப்டிசி கூட சமரசம், மொத்தம் 52 கோடி டாலர்: சின்ன பசங்களோட பிரைவசிக்காக 27 கோடியே 50 லட்சம், ஏமாத்துற மாதிரி பட்டன் வச்சு வாங்க வச்சதுக்காக 24 கோடியே 50 லட்சம். அந்த புகார்ல என்னை உறுத்தினது, முன்னபின்ன தெரியாத பெரியவங்களோட பேசுற வாய்ஸ் சாட் சின்ன பசங்களுக்கும் டீஃபால்ட்டா ஆன்ல இருந்ததுங்கிறது. ஆஃப் பண்ண வழி இருந்துச்சு, தேடிப் போய் ஆஃப் பண்ணணும். டீஃபால்ட்டா அணைச்சு வைக்கணும்னு உத்தரவு போட்டு சரி பண்ண வேண்டியதாச்சு. ஃபைலை முன்கூட்டியே எடுத்து வச்சதும் இதே ரகம்தான், கம்பெனிக்கு சவுகரியமானது முதல்ல நடந்துடும், நமக்கு சவுகரியமானதை நாம தேடணும்.

போன கோடை லீவுல அக்கா பையன் ஃபோர்ட்நைட் வேணும்னு ஒரே அடம், அவனுக்கு பதிமூணு வயசு. அக்கா என்கிட்ட தள்ளி விட்டுட்டா. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல, நான் வேண்டாம்னு சொன்னா பக்கத்து வீட்டு சிஸ்டத்துல ஆடுவான். லினக்ஸ் வச்சிருக்க என் கம்ப்யூட்டர்ல ஹீரோயிக்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லாஞ்சர் வச்சு எபிக், ஜிஓஜி ரெண்டுலயும் வாங்கின கேமை எடுத்துக்கிறேன், அதோட கோடை யார் வேணா படிச்சுப் பாக்கலாம், ஆனா ஃபோர்ட்நைட் லினக்ஸ்ல ஓடாது. அதனால அவன் விண்டோஸ்லயே எபிக் லாஞ்சரை போட்டோம், அவனை பக்கத்துல உக்கார வச்சு. அவன் உண்மையான பிறந்த தேதியவே போட்டோம், அக்கா மெயிலுக்கு வந்த பெற்றோர் அனுமதிய அவளே படிச்சுட்டு குடுத்தா. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே லாஞ்சர் ஓடறத நிறுத்துனோம். வாய்ஸ் சாட்டை அணைச்சோம். வேற அக்கவுண்ட்ல இருந்து ஃப்ரெண்ட்ஸை கொண்டு வர்ற இடத்துக்கு அவன் கை போச்சு, எல்லாருமே இப்படித்தான் பண்றாங்க மாமான்னான். உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டியாடான்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு, ஃபோனை எடுத்து அவங்க க்ரூப்ல ஆளாளுக்கு ஐடி கேட்டான், வந்த ஒவ்வொரு பேரையும் அவனே டைப் பண்ணி ரெக்வெஸ்ட் அனுப்புனான். பதினோரு பேர், முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒரு பையன் மட்டும் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டான், அவனை விட்டுட்டான்.